கை நனைக்காமல் ஒரு கடற்கரை வீடு

செங்கோடக் கவுண்டர் ஏற்காட்டில் பங்களா வாங்கியதில் நாச்சிமுத்துக் கவுண்டருக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை அவரே நாமக்கல் லாரிப்பேட்டையில் ஒவ்வொரு டீக்கடையாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தமே இல்லாத மனுசன் எதற்காக இதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் டீக்குக் காசு அவரவர் கொடுக்க வேண்டிவரும்.

செங்கோடக் கவுண்டர் அந்நியரல்ல, சம்பந்தி. நாச்சிமுத்துவின் ஒரே மகளை அவர் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது. திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி நான்கு வைத்திருந்தார். பூமியை ஓட்டை போட்டுச் சம்பாதித்த பணத்தில் மலை மேல் ஏறிவிட்டார். நாச்சிமுத்துவிடம் ஏழு லாரி இருந்தது. ஏழும் தரையில்தான் ஓடின.

எழுபத்தெட்டாம் வருசம் சித்திரையில் சம்பந்தி குடும்பத்தைப் பங்களாவுக்கு அழைத்துப் போனார் செங்கோடன். போனவுடன் நாச்சிமுத்துவின் தலையில் ஒரு குரங்குக் குல்லாவை மாட்டிவிட்டார். "உங்களுக்குப் பழக்கமில்லாத குளிரு பாருங்க, சம்பந்தி" என்றார். அவருக்கே அந்தக் குளிர் பழகி இருபது நாள்கூட ஆகவில்லை. பிறகு சன்னலைத் திறந்து கீழே கைகாட்டினார். "அதா, ஒரு புழுதி தெரியுதுங்களா? அதுக்கும் அக்கட்டால, இன்னொரு புழுதி. அதுக்குள்ளதானுங்க உங்க நாமக்கல்லு."

நாச்சிமுத்து பார்த்தார். புழுதிதான் தெரிந்தது. குல்லாவுக்குள் காது இரண்டும் சூடாகிவிட்டன. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில், இரண்டு குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருக்க, தயிர்ச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"என்ற பேருல வெளிநாட்டுல ஒரு ஊடு இருந்தாத்தானுங்க, இனிமே நான் இந்த மலையேறுவேன்."

ஊட்டி என்று சொல்லியிருக்கலாம். கொடைக்கானல் என்றால் இன்னும் கௌரவமாக இருந்திருக்கும். வாய் கொஞ்சம் எட்டப் போய்விட்டது. சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ஆனால் சொல்லைத் திருப்பி வாங்கும் பழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. அவருடைய அப்பா ஒரு கோபத்தில் 'இனி மோர் குடிக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, முப்பது வருசம் மற்றவர்கள் மோர் குடிப்பதைப் பார்த்தே செத்தவர்.

அடுத்த வருசம் தையில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பையனுக்குத் தாத்தாவின் மூக்கு அப்படியே இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எந்தத் தாத்தா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் செங்கோடன் சொல்லியனுப்பினார்: காதுகுத்து வைகாசியில், குலதெய்வம் கோயிலில், விருந்து மட்டும் மலை மேல், பங்களாவில்.

நாச்சிமுத்துவுக்கு விசயம் புரிந்துவிட்டது. சம்பந்தி விருந்து வைக்கவில்லை, கண்ணி வைக்கிறார். ஒன்று, பேரன் விருந்துக்குப் போகாமல் ஊர் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சொன்ன சொல்லை மென்று விழுங்கிக்கொண்டு மலையேறி, குரங்குக் குல்லாவை மறுபடியும் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி வெளிநாட்டில் இருந்தது.

"வெளிநாடுன்னா எந்த நாடுங்க?" என்று கேட்டாள் சௌந்திரம், அவர் மனைவி.

"பாக்கலாம். இது ஆம்பளைங்க சோலி. நீ இதுல தலையக் குடுக்காத."

"செரிங்க" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்தச் சொல்லை அப்படியே கேட்டு நடந்து வந்தவள். அந்தக் கீழ்ப்படிதல்தான் பிற்பாடு வினையாகப் போயிற்று.

எந்த நாடு என்பதைச் சேலத்து அப்துல் சலாம் முடிவு செய்தார். சலாம் பாய் டயருக்குப் புதுத்தோல் ஒட்டும் பட்டறைக்காரர், நாச்சிமுத்துவுக்கு இருபது வருசப் பழக்கம். அவருடைய மச்சான் முகம்மது ஹனீப், குமாரபாளையத்துக் கைலிகளைக் கொழும்பில் கொண்டுபோய் விற்பவர். திருகோணமலைப் பக்கம் கடற்கரையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, தென்னை உண்டு, கிணறு உண்டு, சனங்கள் தங்கமான சனங்கள், தமிழ்தான் பேசுகிறார்கள், வெள்ளைக்காரர்களே வந்து மணலில் படுத்துக் கிடக்கிறார்கள் என்று ஹனீப் எழுதியிருந்தார்.

"வெள்ளக்காரன் எதுக்குப் பாய் மணல்ல படுக்கறான்? ஊடு கெடைக்கலியா?"

"அதத்தான் கவுண்டரே சொல்றேன், அவன் முந்தறதுக்குள்ள நாம போயிரணும்."

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த ஆடிட்டர், வெளிநாட்டில் சொத்து வாங்க என்னென்ன அனுமதி வேண்டும் என்று கால்மணி நேரம் விளக்கினார். நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் வாங்கறவனுக்குங்க. நாங்க பாக்கத்தான் போறோம்" என்று எழுந்து வந்துவிட்டார். பர்மிட்டைப் பார்த்துவிட்டு லோடு ஏற்றுகிற வழக்கம் அவருடைய லாரிகளுக்கே கிடையாது.

பாஸ்போர்ட்டுக்கு மெட்ராசு, கப்பலுக்கு இராமேசுவரம். நாச்சிமுத்து, சௌந்திரம், சலாம் பாய் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது பங்குனி பிறந்திருந்தது. நாச்சிமுத்து கடலை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கும்பிடப் போகிறார் என்று சலாம் நினைத்தார்.

"இத்தன தண்ணி கெடந்தும் ஒரு ஏக்கரு வெள்ளாம ஆகலியே பாய்" என்றார் நாச்சிமுத்து. "என்ன நிர்வாகம் இது?"

கப்பலில் சலாம் வாந்தி எடுத்தார், நாச்சிமுத்து எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார், சௌந்திரம் இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். தலைமன்னாரில் இறங்கி, ரயில் மாறி மாறி, ஒருவழியாகத் திருகோணமலை வந்தது. வெளியே, ஹனீப் சொல்லி வைத்திருந்தபடி, ஒரு பழைய மொரிஸ் மைனர் காரோடு தம்பிராசா நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். நெடுநெடுவென்று உயரம், வாய் நிறையச் சிரிப்பு. முன்பின் தெரியாத மூன்று பேரைப் பார்த்து, காணாமல் போன தம்பிமார் திரும்பி வந்ததுபோல் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ! களைச்சுப் போனியள் என்ன? விடுதி கிடுதி ஒண்டும் வேண்டாம். நீங்கள் பாக்க வந்த வீட்டிலதான் தங்கல். சாப்பாடு எங்கட வீட்டில, பக்கத்திலதான்."

வீட்டைப் பார்த்தவுடன், கார் நிற்பதற்குள் நாச்சிமுத்து இறங்கிவிட்டார். சின்ன ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சுவர், சுற்றிலும் தென்னை, வாசலில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். புழுதி என்று ஒரு பொட்டுகூட இல்லை. இந்த வீட்டின் வாசலில் தான் நிற்கும் போட்டோ ஒன்றைச் சம்பந்தியின் பங்களாவுக்குத் தபாலில் அனுப்பினால் அவர் முகம் எப்படி ஆகும் என்று ஒரு நிமிசம் மனசுக்குள் பார்த்துக்கொண்டார். நல்ல போட்டோ.

அடுத்த வீட்டில் மேசை நிறையச் சாப்பாடு. இடியப்பம் ஒரு பெட்டி, சொதி, நண்டுக் கறி, பொரித்த மீன், தேங்காய்ச் சம்பல். தம்பிராசாவின் மனைவி பூரணம் செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"கையைக் கழுவிப்போட்டு இருங்கோ. சாப்பிட்டிட்டு ஆறுதலாக் கதைப்பம்."

சலாம் பாய் ஒரு நாற்காலியை இழுத்தேவிட்டார். நாச்சிமுத்து அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டுங்க. பசியில்லீங்க. மொதல்ல வெலையப் பேசிப்போடலாங்க. அப்பறம் நிம்மதியாச் சாப்படறோம்."

இது எங்கிருந்து வந்தது என்றால், பெண் பார்க்கப் போகிற இடத்திலிருந்து வந்தது. நாமக்கல் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பெண்ணுக்கு ஒன்றரைக் கண் என்றாலும் பேச்சில்லை. நாச்சிமுத்து இந்த விதியைக் கல்யாணத்தோடு விடவில்லை. மாடு, லாரி, காடு, பழைய டயர், எதை வாங்கப் போனாலும் விலை முடிகிறவரை விற்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் படாது. இன்றுவரை தான் யாரிடமும் ஏமாறாததற்கு இதுதான் காரணம் என்று அவருக்கு நம்பிக்கை. பட்டினி கிடந்தே பணக்காரனான ஒரே மனிதர் அவர்தான்.

தம்பிராசாவின் ஊர் வழக்கம் வேறு. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் இருக்கும்போது காசுப் பேச்சு எடுப்பது அங்கே அசிங்கம்.

"முதல்ல சாப்பிடுங்கோ ஐயா, பிறகு கதைப்பம்."

"மொதல்ல பேசிப்போடலாங்க, பொறவு சாப்படறோம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இதை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அன்று மத்தியானம் சொன்னார்கள். சாயங்காலம் சொன்னார்கள். மறுநாள் காலையில் பிட்டோடும் கத்தரிக்காய்க் குழம்போடும் மறுபடியும் தொடங்கினார்கள். நண்டு ஆறிப்போய், அதன் இடத்தில் இறால் வந்தது. இறாலும் ஆறிற்று.

சௌந்திரம் கொண்டுவந்த புளிச்சோறு முதல் நாளே தீர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு பை வறுத்த நிலக்கடலை. நாச்சிமுத்து அதை மூன்று பங்காகப் பிரித்தார். சௌந்திரம் தன் பங்கை எடுத்து அவர் கையிலேயே கொட்டினாள்.

"எனக்கு வேண்டாங்க. நீங்க தின்னுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சமையல்கட்டுப் பக்கம், பூரணத்துக்குத் துணையாக இருக்கிறேன் என்று போன பிறகு, சலாமிடம் சொன்னார்: "பாரு பாய். பொம்பள. என்ன வைராக்கியம்! மொகத்துல ஒரு வாட்டமிருக்குதா பாரு."

வாட்டமில்லைதான். சொல்லப்போனால் கன்னம் கொஞ்சம் பளபளவென்று இருந்தது. கடல் காற்று என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

தண்ணீருக்கு மட்டும் நாச்சிமுத்து ஒரு வழி வைத்திருந்தார். நிலம் வாங்குகிறவன் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் வாங்குவானா? அதனால் அவர் கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு நிறையச் சோதித்தார். அரை மணிக்கு ஒருதரம் சோதித்தார். கடலுக்குப் பக்கத்தில் இத்தனை இனிப்பான தண்ணீரா என்று ஒவ்வொரு தரமும் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது.

சோற்றுக்கு வழியில்லை. பக்கத்தில் இருந்தது வெள்ளைக்காரர்களுக்கான ஓட்டல் ஒன்றுதான். அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். சர்வர் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் ஒரு வெள்ளரிக்காயை வைத்துக் கொண்டுவந்தான். நாச்சிமுத்து மேல் ரொட்டியைத் தூக்கி, கீழ் ரொட்டியையும் தூக்கி, குழம்பைத் தேடினார். வரும் வழியில் மணலில் படுத்திருந்தவர்களைப் பார்த்த சௌந்திரம், "அய்யோ பாவம், கட்டத் துணியில்லாத சனமாட்ட இருக்குது. இந்தச் சோத்தத் தின்னா வேற எப்படி இருக்கும்?" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு என்று பள்ளிவாசலுக்குப் போன சலாம் பாய், மூன்று மணிக்கு மெதுவாக நடந்து வந்தார். நடையே சரியில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஒரு ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தில் ஏலக்காய் இருந்தது, பட்டை இருந்தது, ஆட்டுக்கறி இருந்தது.

"பாய்!"

"பள்ளிவாசல்ல ஒருத்தரு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு கவுண்டரே. சேலத்துல இருந்து வந்திருக்கேன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது விக்கிறவன் வூட்டுச் சோறா? இல்லியே. விதி என்ன சொல்லுது?"

நாச்சிமுத்து விதியைப் புரட்டிப் பார்த்தார். சலாம் சொல்வதில் குற்றம் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் தம்பிராசா சிரிக்காமல் வந்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவும் இல்லை. தென்னை நிழலில் எதிரே உட்கார்ந்து, மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஐயா, ஒளிக்காமச் சொல்லுங்கோ. நாங்கள் என்ன சாதியோ எண்டு யோசிச்சுத்தான் நீங்கள் எங்கட வீட்டில தண்ணியும் குடிக்கேல்லையோ? அப்பிடியெண்டா நேராச் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் கோவிக்க மாட்டன். ஆனா வீடும் தரமாட்டன்."

நாச்சிமுத்து எழுந்தே நின்றுவிட்டார். பசியில் தலை சுற்றியது, தென்னையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! என்னங்க இப்படிச் சொல்லிப்போட்டீங்க! ஏனுங்க, அந்த நண்டப் பாத்து மூணு நாளா நான் படற பாடு எனக்குல்ல தெரியும்!" பிறகு விதி முழுவதையும் சொன்னார். பெண் பார்ப்பதிலிருந்து பழைய டயர் வரை சொன்னார்.

தம்பிராசா கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்துவிட்டார். "என்ன விசர் மனுசரப்பா! இதை வந்தண்டைக்கே சொல்லியிருந்தா நான் வாசல் கேற்றடியிலயே விலையைக் கதைச்சிருப்பன்!"

"அப்ப இப்பப் பேசலாமுங்களா?"

"கதைப்பம்."

நாச்சிமுத்து அடுத்த கணமே தோள்துண்டை எடுத்துத் தம்பிராசாவின் கைமேல் போட்டார். துண்டுக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் மற்றவர்களுக்குத் தெரியாமல் விலை பேசுவது இப்படித்தான்: ஒரு விரல் இவ்வளவு, இரண்டு விரல் இவ்வளவு. போஸ்ட்மாஸ்டருக்குச் சந்தைப் பழக்கம் இல்லை. மீசை வைத்த ஒரு மனிதர் துண்டுக்கடியில் தன் நடுவிரலை அழுத்திக்கொண்டு கண்ணையே உற்றுப் பார்ப்பதன் அர்த்தம் அவருக்கு விளங்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் மரியாதை தடுத்தது. சலாம் பாய் நடுவில் புகுந்து, வெலைதான் பேசறாரு, வேற ஒண்ணுமில்ல என்று விளக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

விரல் மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. கடைசியில் நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். முகமெல்லாம் வெற்றி. "முடிஞ்சுதுங்க. என்ற பேருல பத்திரம் போட்டுரலாம். இலையப் போடச் சொல்லுங்க!"

"நல்லது" என்றார் தம்பிராசா. "இருங்கோ, நான் பூரணத்திட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்."

"அவுங்களக் கேக்க என்னங்க இருக்குது?"

"வீடு இவட பேரிலதானே. சீதனமாக் குடுத்தது. இஞ்ச வீடுவாசல் எல்லாம் பொம்பிளையள்ர பேரிலதான். எனக்கு என்ர எண்டு சொல்ல அந்தக் காரும் இந்தப் பல்லுந்தான் இருக்கு. அதிலயும் ரெண்டு பல்லுக் கட்டினது."

நாச்சிமுத்துவின் கை தோள்துண்டிலேயே நின்றுவிட்டது. மூன்று நாளாகப் பட்டினி கிடந்து, வீடு இல்லாத ஒரு ஆளிடம் அவர் விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

சத்தம் கேட்டு பூரணமும் சௌந்திரமும் வெளியே வந்தார்கள். சௌந்திரத்தின் கையில் ஒரு நண்டுக்கால் இருந்தது. அதை மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தம்பிராசா விசயத்தைச் சொன்னார். பூரணம் ஆச்சரியமாகப் பார்த்தாள். "வீட்டுக் கதையோ? அது நேற்றே முடிஞ்சுதே. அக்காவோட."

"எந்த அக்கா?" என்றார் நாச்சிமுத்து.

"இந்த அக்காதான். வந்தண்டையில இருந்து அடுப்படியில என்னோட இருந்துதானே சாப்பிடுறா. நல்ல மனுசி. நண்டெண்டா அப்பிடி ஒரு விருப்பம்."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். பளபளத்த கன்னத்தைப் பார்த்தார். தான் தின்ற மூன்றாவது பங்குக் கடலை நெஞ்சுக்குள் நகர்ந்தது.

"சௌந்திரம். கை நனைச்சுட்டியா?"

"நனைச்சனுங்க."

"பேச்சு முடியறதுக்குள்ளயேவா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, இது ஆம்பளைங்க சோலி, நீ தலையக் குடுக்காதன்னு. நான் வாங்கறவளா இருந்தா பட்டினி கெடக்கோணும். நான்தான் வாங்கலியே, எனக்கென்னன்னு சாப்பிட்டுப் போட்டேன்." நண்டுக்காலை ஒரு கடி கடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அப்பறம் ரெண்டாம் நாளுத்தான் இந்தப் புள்ள சொல்லுச்சு, ஊடு அது பேருல இருக்குதுன்னு. விக்கறவ ஊட்டுல கை நனைச்சாச்சு. இனி வேண்டாம்னு சொன்னா உங்க மானம் என்னத்துக்காவறது? அதனால வாங்கிப்போட்டேன்."

"வெல?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த விலை என்னவென்று அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. துண்டுக்குள் பிடித்த விரல்களைவிட அது ரகசியமாக இருந்தது. சௌந்திரத்தின் கழுத்தில் கிடந்த ஒற்றைவடச் சங்கிலி மட்டும் திரும்பி வரும்போது இல்லை.

"செரி, பத்திரமாச்சும் என்ற பேருல..."

"ஐயோ, அது ஏலாது" என்றாள் பூரணம், இரக்கத்தோடு. "பொம்பிளை குடுத்தா பொம்பிளைக்குத்தான். பத்திரம் எழுதுற நொத்தாரிசு, வெளிநாட்டாருக்கு விக்கேலாதெண்டு ஐம்பது வருசக் குத்தகையா அக்கான்ர பேரில எழுதிப்போட்டார். நீங்களும் வந்து தங்கலாம். அக்கா சம்மதிச்சா."

சலாம் பாய் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

பேச்சு எப்படியோ முடிந்துவிட்டதால் இனி விதி குறுக்கே நிற்கவில்லை. இலை போட்டார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் கை நனைத்தார். முழங்கை வரை நனைத்தார். நண்டை எப்படி உடைப்பது என்று சௌந்திரம்தான் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு மூன்று நாள் அனுபவம் இருந்தது. பூரணம் போட்டுக்கொண்டே இருந்தாள். தம்பிராசா எதிரே உட்கார்ந்து, கப்பல் கரை சேர்ந்ததைப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற கப்பலில் சலாம் சமாதானம் சொன்னார். "பொண்டாட்டி பேருன்னா என்ன, உங்க பேருன்னா என்ன கவுண்டரே? ஒண்ணுதான்."

"நான் என்ன சொன்னேன் பாய்? 'என்ற பேருல'ன்னு சொன்னேன். ஒம்பது பேரு கேட்டாங்க. அதுல ஒருத்தன் செங்கோடன்."

சலாம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாந்திதான் வந்தது.

நாமக்கல்லுக்கு வந்த பிறகு நாச்சிமுத்து டீக்கடைகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வெளிநாட்டில் வீடு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லலாம். யார் பேரில் என்று அடுத்த கேள்வி வரும். வைகாசி நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வந்தாள். "அப்பா, நீங்க வராட்டி நான் அழுவேன்" என்றாள். குழந்தை முந்திக்கொண்டு அழுதது. அவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு லாரி செட்டில் உட்கார்ந்தார். பையன் அவர் மீசையைப் பிடித்து இழுத்தான். வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சௌந்திரத்துக்கு எந்தச் சங்கடமும் இல்லை. குத்தகைப் பத்திரத்தையும், வீட்டு வாசலில் அவளும் பூரணமும் நிற்கிற போட்டோவையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். செங்கோடனின் மனைவி பாப்பாயிக்குக் காட்டத்தான் போனாள். காட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, சாயங்காலமே வந்துவிட்டாள்.

நாலாம் நாள் செங்கோடக் கவுண்டர் நாச்சிமுத்துவின் லாரி செட்டில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"சம்பந்தி! உங்க ஊட்டம்மா எங்க ஊட்டுக்கு வந்து என்ன சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு?"

"ஒண்ணும் சொல்லலியே. போட்டோத்தான காட்டுனா?"

"போட்டோ! அத்தப் பாத்ததுல இருந்து பாப்பாயி என்னை ஒரே கேள்வி. 'ஏனுங்க, அந்த ஏக்காட்டு பங்களா ஆரு பேருல இருக்குது?' என்ற பேருலன்னேன். 'அப்ப அது உங்க ஊடு. என்ற ஊடு இல்ல. அடுத்தவங்க ஊட்டுல நான் எதுக்குப் பந்திக்கு அடுப்புப் பத்த வெக்கோணும்'ங்கறா. பேருமாத்தி எழுதறவரைக்கும் மலையேற மாட்டாளாம். அங்க பச்சத் தண்ணிகூடத் தொடமாட்டாளாம். உங்க மகளும் மாமியா பக்கமே நின்னுக்கிச்சுங்க. சமையக்காரிங்க ஆறு பேரும் பாப்பாயி வந்தாத்தான் வருவாங்களாம்."

"எழுதிக் குடுத்துருங்களே."

"குடுத்தா, அப்பறம் நான் அங்க போயி ஆருன்னு நிக்கறது?" என்றார் செங்கோடன். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

நாச்சிமுத்துவுக்கு அந்தக் குரல் நன்றாகப் பழகிய குரலாக இருந்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே நடுக்கடலில் நிற்கிறவனின் குரல். பழி வாங்க வேண்டிய நேரம் அது. ஆனால் ஏனோ வரவில்லை. கீழே கிடந்த ஒரு டயரை உருட்டிவந்து சம்பந்திக்கு உட்காரப் போட்டார்.

"அப்ப விருந்து எங்கீங்க?"

"அதக் கேக்கத்தான் வந்தேன். இங்க, உங்க செட்டுல வெச்சுக்கலாமுங்களா? தார்ப்பாய் கட்டுனா நெழலு இருக்கும். மலையேற வேண்டாம். ஒருத்தரும்."

'ஒருத்தரும்' என்ற சொல்லை அவர் தனியாகச் சொன்னார். நாச்சிமுத்து மேலே பார்த்தார். அதே தார்ப்பாய், அதே புழுதி. பார்க்க இத்தனை அழகாக அந்தப் புழுதி என்றைக்கும் இருந்ததில்லை.

வைகாசியில் காது குத்தினார்கள். பையன் கத்திய கத்தலில் கோயில் புறாவெல்லாம் எழுந்து போயிற்று. பிறகு ஏழு லாரிகளையும் ஓரமாக ஒதுக்கி, அவற்றுக்கு நடுவில் தார்ப்பாய் கட்டிப் பந்தி போட்டார்கள். கிரீஸ் வாசனைக்கு நடுவே ஆட்டுக்கறி வாசனை ஏறியது. சேலத்திலிருந்து சலாம் பாய் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். இந்த முறை யாரும் அவர் சட்டையைப் பிடிக்கவில்லை.

சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். சௌந்திரம் ஒரு பக்கம் பரிமாறிக்கொண்டு வந்தாள், பாப்பாயி இன்னொரு பக்கம். நடுவில் நின்று இரண்டு பேரும் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்கிற தைரியம் இரண்டு ஆண்களுக்கும் வரவில்லை.

செங்கோடன் எலும்பைக் கடித்துக்கொண்டே மெதுவாகச் சாய்ந்தார். "சம்பந்தி, அந்தக் கடலோரத்து ஊடு காத்தாட நல்லா இருக்குமாட்டங்குது. ஒருதரம் நாம ரெண்டு பேருமாப் போயி நாலு நாளு இருந்துட்டு வரலாமுங்களா?"

நாச்சிமுத்து அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"சௌந்திரத்தக் கேக்கோணுமுங்க."